ஆணி, கரி, ஒரு காய்ந்த மிளகாய்

அத்தியாயம் 6

"திருடன் போயிட்டான். பேய் மட்டும் இன்னும் உள்ளதான் இருக்கு. நான் வரல. நீங்க போய்ப் பாருங்க" என்றார் கிளாரன்ஸ்.

கோலசிலாங்கூர் சாலையோரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் நிர்வாகி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் நின்றிருந்தார். கழுத்தில் சிலுவை. நெற்றியில் திருநீறு. கையில் ஒரு போத்தல் மந்திரித்த தண்ணீர். மேகி மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்க எந்தக் கட்சி?"

"பாஸ்டர் ஒன்பது மணிக்கு வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. பூசாரி பன்னெண்டு மணிக்கு வர்றாரு. ரிஸ்க் எடுக்க முடியாதுலா."

மேகிக்குப் பின்னால் துப்பறியும் ஐயாவு வந்தார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடம் செம்பனை மரத்தை அண்ணாந்து பார்த்துக் குலை வெட்டியவர். கழுத்து அப்படியே நின்றுவிட்டது. தோட்டத்தில் ராவோடு ராவாகக் குலை திருடியவர்களை நாலு தடவை கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்ததில் பெயர் பரவி, இப்போது சபாக்கில் டயர் கடை மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பலகை. கழுத்துக்கு மேலே இருப்பதெல்லாம் அவர் கண்ணில் படும். கீழே குனிந்து பார்க்க மேகி. அதற்குத்தான் சம்பளம் என்று மேகியே சொல்லிக்கொள்வாள். காரோட்ட, கேள்வி கேட்க, வாயாட என்று மற்ற மூன்று வேலைகளும் இலவசம்.

உள்ளே போனார்கள். டாக்டர் நித்தியா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, திறந்து கிடந்த ஒரு வெள்ளைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்து, அடுத்த அழுகைக்கு இளைப்பாறிக்கொண்டிருக்கும் முகம். அந்தப் பெட்டிதான் இன்குபேட்டர்.

"எத்தனை காணோம்?" என்றார் ஐயாவு.

"ஒன்னே ஒன்னு. ஒரு குடுவை. கைபேசி அளவுதான் இருக்கும், தட்டையா, பிளாஸ்டிக். உள்ள தண்ணி ரோஸ் சிராப் கலர்ல இருக்கும்."

"யாராவது சிராப்னு நெனைச்சுக் குடிச்சிருப்பாங்களோ?" என்றாள் மேகி.

நித்தியா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "அதுல என் மூணு வருஷம் இருக்கு."

"சாரி டாக்டர். நான் சீரியஸாத்தான் கேட்டேன். எங்க தாமான் குடியிருப்புல ஒருத்தரு பேட்டரி தண்ணியைக் குடிச்சிருக்காரு."

நித்தியா விளக்கினாள். எலியின் கல்லீரலிலிருந்து எடுத்த செல்கள். முற்றிப்போன செல்கள். அவற்றுக்கு ஒரே வேலைதான் தெரியும், ஒரு கட்டத்துக்கு மேல் பெருகவும் செய்யாது. சில மருந்துகளைச் சரியான அளவில் கலந்து கொடுத்தால் அவை தம் வயதைப் பின்னால் இழுத்துக்கொண்டு இளம் செல்லாக மாறும். முன்னோடிச் செல் என்று பெயர். அது பெருகும். மறுபடியும் கல்லீரல் செல்லாகவும் ஆகும், பித்தக் குழாய்ச் செல்லாகவும் ஆகும். கல்லீரல் கெட்டுப்போனவர்களுக்கு நாளைக்கு அது உதவலாம்.

"நாளைக்கேவா?" என்றாள் மேகி.

"நாளைக்குன்னா, ரொம்ப நாளைக்கு அப்புறம்."

"புரிஞ்சிருச்சு. ரிட்டையராகிப்போன ஆபீஸ் கிராணியைப் புடிச்சி, மருந்து குடுத்து மறுபடியும் பதினாறு வயசாக்கி, 'தம்பி, இப்ப என்ன வேலைக்குப் போற?'ன்னு கேக்கறீங்க."

நித்தியாவின் முகத்தில் முதன்முதலாக ஒரு வெளிச்சம். "கரெக்ட். அப்படித்தான்."

"முழங்காலுக்கு இருக்கா அது?" என்றார் ஐயாவு.

"இல்லைங்கய்யா. கல்லீரலுக்குத்தான்."

"அப்ப விடுங்க. மேல சொல்லுங்க."

பதினோரு தடவை செல்கள் செத்துப்போயின. பன்னிரண்டாவது தடவைதான் பிழைத்தன. அந்தப் பன்னிரண்டாவதில் மிச்சம் இருந்தது இந்த ஒரே குடுவை. இன்று நாலு மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து பேராசிரியர் ஒருவர் அதைப் பார்க்க வருகிறார். பார்த்துச் சரி என்றால் ஆராய்ச்சி தொடரும். குடுவை இல்லையென்றால் வெள்ளிக்கிழமை இந்த ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு. அதுவும் போக, சனிக்கிழமை மத்தியானம் ஊற்றிய ஊட்டத் தண்ணீரை இன்று சாயங்காலத்துக்குள் மாற்றாவிட்டால் செல்கள் பட்டினியில் செத்துவிடும்.

"சனிக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிளம்பி புக்கிட் செந்தோசாவுக்குப் போயிட்டேன். சித்தி மக கல்யாணம். நேத்து ராத்திரிதான் வந்தேன். இன்னிக்குக் காலையில ஏழு மணிக்குத் திறந்து பாக்கறேன், குடுவை இல்ல. மேசை டிராயர்ல இருந்த காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டரும் இல்ல."

"காய்ச்சல்காரத் திருடனா?" என்றாள் மேகி.

"அதுக்குப் பதிலா இது இருந்துச்சு."

இன்குபேட்டரின் அடித்தட்டில், ஈரத்துக்காக வைத்திருந்த தண்ணீர்த் தட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். ஐயாவு கழுத்தை ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். "மேகி, குனி."

மேகி குனிந்தாள். "ஒரு துருப்புடிச்ச ஆணி. ஒரு துண்டு அடுப்புக்கரி. ஒரு காஞ்ச மிளகாய். அவ்வளவுதான் பாஸ்."

கதவுக்கு வெளியிலிருந்து கிளாரன்ஸ் கத்தினார். "செய்வினை! ஆணி எதுக்கு? அடிச்சு எறக்கத்தான். கரி எதுக்கு? கருகிப்போகத்தான். மிளகாய் எதுக்கு?"

"ரசத்துக்கு" என்றாள் மேகி.

ஐயாவு கிண்ணத்தை வாங்கிக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பார்த்தார். மேகிக்கு அவரை ஐந்து வருடமாகத் தெரியும். அவர் முகத்தில் எப்போதும் ஒரே களைப்புதான் இருக்கும், நாலு டன் குலை ஏற்றிய லோரி மேட்டில் ஏறுகிற மாதிரி. இப்போது அந்த லோரி பள்ளத்தில் இறங்குவது போல முகம் லேசானது. பார்க்கவே பயமாக இருந்தது. மனிதர் சிரித்தார்.

"டாக்டர், சனிக்கிழமை இங்க இடி எப்படி?"

"இடியா? பயங்கர இடின்னு சொன்னாங்க. சாயங்காலம் நாலரைக்குக் கரண்டே போயிருச்சாம். ராத்திரி பத்துக்குத்தான் வந்துச்சாம்."

"ஜெனரேட்டர்?"

கதவுக்கு வெளியே கிளாரன்ஸ் திடீரென்று ஆகாயத்தை ஆராய்ந்தார். "டீசல் சொல்லியிருக்கேன்" என்றார்.

"எப்ப?"

"ஜனவரியில."

"சரி. கரண்டு போனப்ப இங்க யாரு இருந்தா?"

"வேலம்மா அக்கா மட்டுந்தான்" என்றாள் நித்தியா. "கூட்டித் துடைக்கறவங்க. அவங்க எடுத்திருக்கவே மாட்டாங்க, ஐயா. என் பெட்டி மேல அவ்வளவு அக்கறை. போன வருஷம் ஒரு நாள் கேட்டாங்க, 'டாக்டர்மா, இதுக்கு எவ்வளவு சூடு?'ன்னு. முப்பத்தேழுன்னேன். 'ஈரம் வேணுமா?' ஆமான்னேன். 'எத்தனை நாள்ல வரும்?' இருபத்தோரு நாள்னேன். உடனே சிரிச்சிட்டு, 'அவ்வளவுதானா, எனக்குத் தெரியும்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கே படிச்சுப் புரிய ரெண்டு வருஷம் ஆச்சு."

"இன்னிக்கு அவங்க வேலைக்கு வந்தாங்களா?"

கிளாரன்ஸ் கைபேசியைப் பார்த்தார். "பஞ்ச் கார்டுல ஏழு முப்பத்தொன்னுக்கு உள்ள. ஏழு முப்பத்துநாலுக்கு வெளிய. அப்புறம் வாய்ஸ் மெசேஜ். 'கை வீங்கிருச்சு, வரல'ன்னு. இப்பப் புரியுதா? செய்வினை வச்ச கையி! திரும்பி அடிச்சிருக்கு!"

"ஏழு முப்பத்தொன்னுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். நடையில நின்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தேன். 'இந்தக் கரியும் மிளகாயும் வச்சது யாருன்னு தெரியட்டும், போலீஸ்ல புடிச்சுக் குடுக்கறேன், அவன் கை விளங்காமப் போக'ன்னு."

"நல்லாச் சத்தமாவா?"

"எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு."

ஐயாவு கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். "மேகி, காரை எடு. டாக்டர், நீங்களும் வாங்க. குடுவையைத் தூக்கிட்டு வர்ற பெட்டி இருந்தா எடுத்துக்குங்க."

"போலீஸுக்குச் சொல்லட்டா?" என்றார் கிளாரன்ஸ்.

"டீசலுக்குச் சொல்லுங்க."

வேலம்மா வீடு கம்போங் குவாந்தான் தாண்டி உள்ளே போகிற பழைய தோட்டத்தில். போகும் வழியில் நித்தியா பின் சீட்டில் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிமிடமும் மணி பார்த்தாள். மேகிக்கு மனசு பொறுக்கவில்லை.

"பாஸ், எனக்கு மட்டும் சொல்லுங்க. வேலம்மாதான் எடுத்தாங்களா?"

"ஆமா."

"வித்துட்டாங்களா?"

"ம்ஹூம்."

"பின்ன எங்க வச்சிருக்காங்க?"

"சூடான இடத்துல. அந்தக் கடையில நிறுத்து."

மேகி நிறுத்தினாள். ஐயாவு இறங்கிப்போய் ஒரு கிலோ உடைத்த ஜாகோங் வாங்கிக்கொண்டு வந்தார். மேகி அந்த மஞ்சள் சோளக் குருணையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பசிக்குதுன்னா ரொட்டி சானாய் சாப்பிட்டிருக்கலாமே, பாஸ். இதை மெல்ற அளவுக்கு உங்களுக்குப் பல்லு ஏது?"

"எனக்கில்ல. சாட்சிக்கு."

"சாட்சிக்குத் தீனியா? நீங்க இதுவரைக்கும் எனக்கே ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்ததில்லலா."

"நீ சாட்சி சொன்னதில்லையே."

தோட்டத்துப் பழைய லயத்தில் ஏழெட்டு வீடுகள்தான் மிஞ்சியிருந்தன. வேலம்மா வீட்டில் கதவு பூட்டியிருந்தது. மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. இஞ்சின் ஆறிப்போயிருந்தது. ஐயாவு வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனார். அங்கே பலகையும் கம்பி வலையுமாக ஒரு கோழிக்கூண்டு, ஆள் குனிந்து நுழையும் உயரம். கூண்டுக்குள் ஒரு குடை விரிந்திருந்தது. குடைக்குக் கீழே இரண்டு கால்கள்.

மேகி பையிலிருந்து கைபேசியை எடுத்துக்கொண்டு, "வெளிய வாங்க! உங்களச் சுத்தி வளைச்சாச்சு!" என்று கத்தத்தான் போனாள். ஐயாவு கையைக் காட்டி நிறுத்தினார். கூண்டுப் பக்கத்தில் கிடந்த ஒரு மரக்கட்டையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"தங்கச்சி" என்றார். "அடை வச்சு எத்தனை நாளாச்சு?"

குடை அசைந்தது. கோழி வளர்ப்பவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், பதில் தானாக வந்துவிடும்.

"இன்னிக்கோட இருபது."

"எத்தனை முட்டை?"

"ஒம்பது." கொஞ்சம் தயங்கி, "அப்புறம் ஒரு போத்தல்" என்றது குடை.

நித்தியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேகிக்குத்தான் எல்லாம் தலைகீழாகச் சுற்றியது. அவள் புக்கிட் செந்தோசா தாமான் வீட்டில் வளர்ந்தவள். கோழி என்றால் அவளுக்குப் பொரித்த துண்டு, இரண்டு வகை, காரம், காரமில்லாதது. "பாஸ், கொஞ்சம் மனுஷ பாஷையில சொல்லுங்க."

"கோழியை அடை வைக்கும்போது கூடையில என்ன போடுவோம் தெரியுமா? ஆணி, கரி, மிளகாய். இடி இடிச்சா முட்டை கூமுட்டையாப் போயிரும்னு, அதுக்குக் காவல். எங்க தோட்டத்துல இது இல்லாம ஒரு கோழியும் அடை உக்காராது. முப்பத்தேழு டிகிரி, ஈரம், இருபத்தோரு நாள். டாக்டர் சொன்னதைக் கேட்டு இந்தம்மா என்ன நெனைச்சாங்க? டாக்டர் பெட்டியில அடை வச்சிருக்காங்க, ஆனா பாவம், ஆணி வைக்கத் தெரியலன்னு நெனைச்சாங்க. அதான் இவங்களே வச்சாங்க."

குடை மடங்கியது. ஐம்பது வயது முகம் ஒன்று, கண்ணீரும் கோழி இறகுமாக வெளியே எட்டிப் பார்த்தது.

"செய்வினை இல்லண்ணே. சத்தியமா இல்ல. சனிக்கிழமை அந்த இடியில கரண்டு போயிருச்சு. பொட்டிக் கதவுல பேட்டரியில ஓடற நம்பர் மட்டும் இறங்குது, முப்பத்தாறு, முப்பத்தஞ்சு, முப்பத்துமூணு. டாக்டர்மாவுக்குப் போன் அடிச்சேன், எடுக்கல."

"நாயனச் சத்தத்துல கேட்கல, அக்கா" என்றாள் நித்தியா. "அப்புறம் போன் பேட்டரி தீர்ந்துபோச்சு."

"கிளாரன்ஸ் சாருக்கு அடிச்சேன். 'டீசல் வரும்'னு சொல்லிட்டு வச்சிட்டாரு. நான் என்னா பண்றது? என் கோழி அடையில இருக்கு, அதுக்குக் கரண்டு வேணாம். மூடியை இறுக்கமாத் திருகி, துணியில சுத்தி, இடுப்புல சொருகிக்கிட்டு மோட்டார்ல வந்துட்டேன். இன்னிக்குக் காலையில சொல்லிட்டு, டாக்டர்மாவையே கூட்டிட்டு வரலாம்னு வந்தா, சார் போலீசுங்கறாரு, கை விளங்காமப் போகணுங்கறாரு. ஏற்கெனவே என் கை இப்படி!"

வலது கையை நீட்டினாள். மணிக்கட்டுவரை கொத்துக் காயம், வீக்கம்.

"பேயா?" என்றாள் மேகி.

"கோழி."

நித்தியா எழுந்து கூண்டுக்குள் நுழைந்தாள். மூலையில் ஒரு பழைய கூடையில் செம்பட்டைக் கோழி ஒன்று, உலகத்தையே விரித்த சிறகுக்குள் வைத்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. நித்தியா கையை நீட்டினாள். கோழி ஒரு சத்தம் போட்டது. நித்தியா கையை எடுத்துக்கொண்டாள்.

"தீனியைப் போடு" என்றார் ஐயாவு. மேகி ஜாகோங்கைத் தூவினாள். கோழி அதைப் பார்த்தது, மேகியைப் பார்த்தது, ஒரு மணியைக்கூடத் தொடவில்லை. சாட்சி லஞ்சம் வாங்கவில்லை.

"காலையில ஒரு வாட்டிதான் எந்திரிக்கும்" என்றாள் வேலம்மா. "இன்னிக்கு எந்திரிச்சாச்சு."

மணி ஒன்று ஐம்பது.

எல்லாரும் மேகியைப் பார்த்தார்கள். "என்ன என்னைப் பாக்கறீங்க? நான் கிறிஸ்துவச்சி. உயிர்களிடத்தில் அன்பு வைக்கறவ." ஆனாலும் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கோழிக்கு அடியில் விட்டாள். உள்ளே அடுப்படி மாதிரி கதகதப்பு. முட்டை, முட்டை, முட்டை. கொத்து. முட்டை. கொத்து, கொத்து. "ஐயோ மாதாவே!" தட்டையாக ஒன்று. அவள் அதை இழுத்தாள்.

நித்தியா குடுவையை வெளிச்சத்தில் பிடித்தாள். சிராப் நிறம் வெளுத்து ஆரஞ்சாக மாறியிருந்தது.

"மஞ்சளாகல" என்றாள். "மஞ்சளானாத்தான் போச்சு. இது பசியில இருக்கு. ஆனா இன்னும் இருக்கு!" சட்டென்று முகம் மாறியது. தன் பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஆறு ஐஸ் பொட்டலங்கள். ஆய்வுக்கூடத்தில் எதையும் குளிராக எடுத்துப்போகத்தான் பெட்டி உண்டு. அவசரத்தில் பழக்க தோஷத்தில் எடுத்து வந்திருந்தாள். "இதுல வச்சா செத்துரும். வெளியில வச்சும் இனிமே ஆற விட முடியாது. ஏற்கெனவே ரொம்பக் கஷ்டப்பட்டிருச்சு."

ஐயாவு வானத்தைப் பார்த்தார். எப்போதும் அங்கேதான் பார்ப்பார். "போத்தலை உள்ளயே வையுங்க" என்றார். "மெஷினோட தூக்குங்க."

கார் திரும்பியது. முன் சீட்டில் ஐயாவு. பின் சீட்டில் நித்தியா, வேலம்மா, நடுவில் கூடை. கூடைக்குள் கோழி, ஒன்பது முட்டை, மூன்று வருட ஆராய்ச்சி. முன்னால் குலை ஏற்றிய லோரி ஒன்று ஆமை மாதிரி ஊர்ந்தது. மேகி ஹோர்ன் அடிக்கக் கையை எடுத்தாள்.

"அடிக்காத!" என்று மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள். "கோழி மிரளும்!"

பதினெட்டு நிமிடம் அந்த லோரிக்குப் பின்னாலேயே போனார்கள். கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏர்கோன் போடாமல். மேகியின் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாக அவள் ஞாயிறு பூசையில்கூட உட்கார்ந்ததில்லை.

ஆய்வுக்கூடத்து வாசலில் ஒரு பெரிய கறுப்புக் கார் நின்றது. நித்தியா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அவங்க கார். நாலு மணின்னுதானே சொன்னாங்க! மணி இன்னும் மூணுகூட ஆகல!"

உள்ளே பேராசிரியர் புனிதவதி மேசையருகில் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது, குட்டை முடி, மூக்குக் கண்ணாடி. மாணவர்கள் அவரைப் பார்த்தால் கழிவறைக்குள் போய் நின்றுகொள்வார்களாம். கிளாரன்ஸ் பக்கத்தில் நின்று, "அது வந்து மேடம், அது வந்து" என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. நித்தியா கூடையோடு நுழைந்தாள். கிளாரன்ஸ் கோழியைப் பார்த்தார். போத்தலில் இருந்த தண்ணீர் முழுவதையும் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டார்.

"என்ன இது, டாக்டர்?" என்றார் பேராசிரியர்.

நித்தியா வாயைத் திறந்தாள். மூன்று வருடம், பதினோரு சாவு, நாற்பத்தாறு மணி நேரம், எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்த்தது.

"பேக்கப் இன்குபேட்டர், மேடம்" என்றாள்.

கூடைக்குள் கோழி கொக்கரித்தது.

பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்தார். "கரண்டு எப்பப் போச்சு?"

"சனிக்கிழமை நாலரைக்கு."

"அதிலிருந்து இப்ப வரைக்கும் சூடு எவ்வளவு இருந்துச்சுன்னு பதிவு இருக்கா? பதிவு இல்லாத செல்லை நான் எந்த அறிக்கையிலயும் எழுத முடியாது. உயிரோட இருந்தாலும் சரி."

நித்தியா தலை குனிந்தாள். மேகி தன் கையிலிருந்த காயங்களைப் பார்த்தாள். இவ்வளவு கொத்து வாங்கியது ஒரு பதிவு இல்லாமல் போகவா?

வேலம்மா தொண்டையைக் கனைத்தாள். வீங்கிய கையால் சேலை முந்தானையை அவிழ்த்து, நாலாக மடித்த ஒரு கோவில் நாட்காட்டித் தாளை எடுத்தாள். கூடவே காணாமல்போன தெர்மாமீட்டர். "டாக்டர்மா காலையும் சாயந்திரமும் பொட்டிக் கதவுல எழுதுவாங்க. அதைப் பாத்துத்தான் எழுதினேன். தப்பா இருந்தா மன்னிச்சிருங்க, டீச்சர்."

தாளின் பின்பக்கம் பெரிய பெரிய எண்கள். இரண்டு மணிக்கு ஒன்று. முப்பத்தேழு புள்ளி இரண்டு. முப்பத்தேழு புள்ளி நாலு. முப்பத்தேழு புள்ளி மூன்று. பேராசிரியர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"விடியக்காலையில ரெண்டு மணிக்குக்கூட பாத்திருக்கீங்களே?"

"அது தூங்கல, டீச்சர். நானும் தூங்கல."

விரல் ஓர் இடத்தில் நின்றது. "ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு முப்பத்தஞ்சு. இது ஏன் குறைஞ்சுது?"

வேலம்மா நெளிந்தாள். "மெஷின் வெளிக்குப் போயிருந்துச்சு, டீச்சர்."

பேராசிரியர் அதையும் குறித்துக்கொண்டார்.

நித்தியா கோழியிடம் இன்னும் நாலு கொத்து வாங்கிக் குடுவையை எடுத்தாள். துடைத்து நுண்ணோக்கியில் வைத்தாள். ஐயாவு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நித்தியா நிமிர்ந்தபோது அவள் கண்ணெல்லாம் ஈரம். பேராசிரியருக்கு வழிவிட்டாள்.

பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டாம், நித்தியா பிறகு சொன்னாள். "சாப்பாடு மாத்துங்க மொதல்ல. ஒரு கேள்வி. பதினோரு தடவை செத்தது, பன்னெண்டாவது தடவை எப்படிப் பிழைச்சுது? என்ன மாத்தினீங்க?"

"ஒன்னுமே மாத்தல, மேடம். அதான் எனக்கும் புரியல. தீபாவளி கழிஞ்சு ஆரம்பிச்ச தொகுதி."

"தீவாளிக்கு மறுநாள்தான் நான் தட்டுக்குப் பின்னால வச்சேன்" என்றாள் வேலம்மா, யாரும் கேட்காமலே. கை மேசையிலிருந்த கிண்ணத்தைக் காட்டியது.

கிளாரன்ஸ் இரண்டடி பின்னால் போனார். "தொடாதீங்க மேடம்! செய்வினை!"

பேராசிரியர் புனிதவதி கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். ஆணி, கரி, மிளகாய். புருவம் சுருங்கியது. வேலம்மாவை நேராகப் பார்த்தார்.

"ஒரு மிளகாய்தானா?" என்றார். "எங்க தோட்டத்துல மூணு போடுவோம்."

வேலம்மாவின் முகம் பூத்துவிட்டது. "கோழிக்கு மூணு, டீச்சர். போத்தலுக்கு ஒன்னு போதும்னு நெனைச்சேன்."

"நெனைச்சா போதாது. சோதிச்சுப் பாக்கணும். ரெண்டு இன்குபேட்டர் வைங்க, டாக்டர். ஒன்னுல இது இருக்கட்டும், ஒன்னுல வேணாம். பலன் என்னன்னு மூணு மாசத்துல எனக்கு எழுதுங்க." கதவருகில் நின்று திரும்பினார். "பதிவு எழுத இந்தம்மாவையே போடுங்க. கிளாரன்ஸ், டீசல்."

அவர் காலடி எடுத்து வைத்ததும் கூடைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கீச். இருபது நாள்தான், ஆனால் ஒன்று அவசரக் குடுக்கை. பேராசிரியர் போகவில்லை. ஒன்பதும் பொரிகிறவரை பார்க்க வேண்டும் என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வழக்கு முடிஞ்சுது" என்றாள் மேகி, கொத்துப்பட்ட கையை ஊதிக்கொண்டு. "திருடன் இல்ல, பேய் இல்ல. பாஸ், கிளம்பலாமா?"

"இருங்க" என்றாள் நித்தியா. "கிருமி நீக்காத எதையும் என் பெட்டிக்குள்ள வைக்கமாட்டேன். இதையும் சுத்தம் பண்ணிட்டு வச்சிடறேன், நீங்களும் பாத்துட்டுப் போங்க."

கிண்ணத்தைக் கொண்டுபோய், நீராவியில் கிருமி கொல்லும் ஒரு பெரிய குக்கருக்குள் வைத்து மூடினாள். நூற்றிருபத்தொரு டிகிரி. அது ஆணிக்கு ஒன்றும் செய்யாது. கரிக்கும் ஒன்றும் செய்யாது.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் நீராவியைத் திறந்துவிட்டாள்.

முதலில் இருமியது மேகி. அப்புறம் நித்தியா. அப்புறம் பேராசிரியர் புனிதவதி, மார்போடு ஈரக் குஞ்சு ஒன்றை அணைத்தபடி. மிளகாய் நெடி தாங்காமல் ஒரு நிமிடத்தில் ஆய்வுக்கூடமே சாலைக்கு வந்துவிட்டது. கண்ணும் மூக்கும் ஒழுக, ஆளுக்கொரு மூலையில் தும்மினார்கள். வேலம்மா கூடையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கோழிகூட ஒரு தடவை தும்மியது.

எல்லாருக்கும் நடுவில் கிளாரன்ஸ் மட்டும் இரண்டு கையையும் ஆகாயத்துக்கு உயர்த்திக்கொண்டு, தாரை தாரையாகக் கண்ணீர் வழிய, ஆனந்தமாகக் கத்தினார்:

"போயிருச்சு! பேய் போயிருச்சு!"